எட்டரை அடி மேசை

எங்கள் வீட்டு முன்கதவின் அடியில் ஒரு மரத்துண்டு கிடக்கிறது. ஒரு முழ நீளம் இருக்கும். ஒரு முனை மெருகு குலையாமல் வழவழப்பாக, போல்ட் போன துளையோடு இருக்கிறது. மறுமுனையில் ரம்பம் அறுத்த பிசிறு. மட்டாஞ்சேரியில் மதியத்துக்கு மேல் காயல் பக்கமிருந்து காற்று கிளம்பிவிடும். கதவு படாரென்று அடித்து அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்க அந்தத் துண்டை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம். வருகிறவர்களில் மரம் தெரிந்த ஒன்றிரண்டு பேர், நல்ல மரமாயிற்றே, எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். பழைய மேசையில் மிஞ்சியது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். முழுக்கதையையும் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

அது அண்ணாவுக்காக நான் அலைந்து திரிந்து வாங்கிய மேசை. அண்ணா படிப்பு முடித்த கையோடு மஸ்கட்டுக்குப் போனவன். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டான். வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி நிறையச் சாமான்களோடு வருவான், அம்மாவைச் சிரிக்க வைப்பான், போய்விடுவான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது நீண்ட லீவு எடுத்துக்கொண்டு வந்தான். மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்கு வேலை. காலையில் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, சாப்பாடு கொடுத்து, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன். சாயங்காலம் திரும்பி வரும்வரை மனசு வீட்டிலேயே கிடக்கும். தனி ஆளாக என்னால் முடியவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. "நீ இங்கேயே இருந்துடேன் அண்ணா" என்று ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டுவிட்டேன்.

அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேரே மாடிக்குப் போனான். அப்பா காலத்தில் சுக்கு மூட்டை அடுக்கி வைத்திருந்த பெரிய அறை அது. அப்பாவுக்குப் பிறகு சும்மாதான் கிடந்தது. டேப்பும் பென்சிலுமாக அறை முழுக்க அளந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே கோடு போட்டால் அதன் இரண்டு முனையிலும் சின்னதாக ஒரு வட்டம் போடுவது அவன் பழக்கம். சுவரெல்லாம் அப்படிக் கோடு போட்டுவிட்டு இறங்கி வந்தான். "மேலே ஒரு பூல் டேபிள் போட்டா ஜூ டவுனுக்கு வர்ற டூரிஸ்ட் பசங்களெல்லாம் ஏறி வருவாங்க. அதையே தொழிலாப் பாத்துக்கலாம். ஆனா எட்டரை அடி டேபிள்தான் வேணும், கேட்டியா? அது கெடைச்சா நான் திரும்பிப் போகலை." ஒன்பதடி போட்டால் குச்சியைப் பின்னால் இழுக்கும்போது சுவரில் இடிக்குமாம். எட்டடி சின்னப் பிள்ளைகள் ஆடுவதாம். மஸ்கட்டில் அவனுடைய கேம்ப்பில் கிடந்தது எட்டரை அடி. கை அதற்கே பழகிவிட்டதாம். நான் அவன் சொன்னதை அப்படியே நம்பினேன்.

தேடும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. உனக்குத்தான் ஊர்க்காரர்களைத் தெரியும், நான் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். புதிதாக வரவழைக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பழையதுதான் வாங்க வேண்டும். பழையதில் ஏழடி உண்டு, எட்டடி உண்டு, ஒன்பதடியும் உண்டு. எட்டரை என்றால் எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். எர்ணாகுளம் பிராட்வேயில் விளையாட்டுச் சாமான் விற்கிறவர், எட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், யார் அளக்கப் போகிறார்கள் என்றார். பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறவர் ஏதோ கப்பலில் இருந்ததாகச் சொல்லி ஒரு சாப்பாட்டு மேசையைக் காட்டி, மேலே பச்சைத்துணி விரித்தால் ஆயிற்று என்று எனக்கு யோசனை சொன்னார். போனில் விளம்பரம் போட்டவர்கள் எல்லாருமே எட்டரை என்றுதான் சத்தியம் பண்ணினார்கள். பஸ் பிடித்துப் போய் டேப்பை வைத்தால் எட்டடி மேசையை மரச்சட்டத்தையும் சேர்த்து வெளிப்பக்கமாக அளந்திருப்பார்கள். எட்டரை என்பது பெயரளவுதான், உள்ளே பந்து உருளும் இடம் ரப்பர் விளிம்பிலிருந்து ரப்பர் விளிம்பு வரை தொண்ணூற்றிரண்டு அங்குலம் வரவேண்டும் என்று நான் சொன்னால், உள் அளவு எதற்கு, மேசை வெளியே தானே இருக்கிறது என்பார்கள். எத்தனை பேரிடம் இதையே சொல்வது? ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் இப்படியே போயின. வேர்த்து வழிந்து வீடு திரும்பினால் அண்ணா அம்மாவோடு உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருப்பான். "கெடைக்கலையா? சாரமில்லை, போகட்டும் விடு" என்பான். அவன் அதைச் சொன்ன நிம்மதி அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் போர்ட் கொச்சியில் கிடைத்தது. சந்துக்குள் ஒரு சின்ன ஓட்டல். விளையாட்டறையை எடுத்துவிட்டு மசாஜ் அறை ஆக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய மெத்தைகள் குவிந்து கிடந்ததற்கு அடியில் மேசை இருந்தது. மெத்தைகளைத் தள்ளிவிட்டு டேப்பை வைத்தேன். தொண்ணூற்றிரண்டு. மறுபடியும் வைத்தேன். அந்த ஓட்டல் மேனேஜர் முன்னால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி அண்ணா போகமாட்டான், அம்மாவைத் தூக்க இன்னும் இரண்டு கை இருக்கும் என்பதைத் தவிர வேறொன்றும் என் மனதில் இல்லை. அங்கிருந்தே போன் பண்ணினேன். "உள் அளவா?" என்று மட்டும் கேட்டான். மறுநாள் அவனே வந்து பார்த்தான். குனிந்து அடிப்பக்கம் தட்டினான், கால்களை ஆட்டினான், பந்தை உருட்டினான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பேசி முடித்தோம்.

மேசையைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். ஆடுதளத்தின் மூன்று கல் பலகைகளையும் சுமைக்காரர்கள் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். கல்லைத் தாங்கும் இரண்டு நீளச் சட்டங்கள் மட்டும் மாடிப்படி வளைவில் திரும்பவில்லை. சாயங்காலம் சுமைக்காரர்கள் திரும்பி வரும்போது, மூட்டை ஏற்றிய பழைய கப்பியில் கட்டிச் சன்னல் வழியாக இழுத்துவிடலாம், அதுவரை யாரும் அவற்றைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு அம்மாவை எர்ணாகுளத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மேசையை மறுபடியும் பூட்டிக்கொடுக்க வந்த ஆசாரியும் அண்ணாவும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது படியெல்லாம் மரத்தூள். இரண்டு சட்டங்களிலும் ஒரு முழம் அறுபட்டுக் கிடந்தது.

அண்ணா சொன்ன விளக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இன்று மனப்பாடம். மலையாளத்தில் முறி என்றால் அறை. முறிக்குக என்றால் வெட்டுவது. சட்டம் திரும்பாததைப் பார்த்த ஆசாரி, "முறிக்கணோ?" என்று கேட்டிருக்கிறார். அதாவது, வெட்டவா? அரேபியாவில் இந்தி பேசியே காலம் கழித்த அண்ணாவின் காதில் அது "முறிக்காணோ?" என்று விழுந்ததாம். அதாவது, அறைக்கா? "ஆமா, முறிக்குத்தான்" என்று சொல்லிவிட்டானாம். எழுதினால் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். அதைக் கேட்டு அம்மா வலியையும் மறந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆசாரியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் அண்ணாவின் முகத்தைப் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு போனார்.

இரும்புத் தகடு வைத்து ஒட்டலாம் என்று வேறொரு தச்சர் சொன்னார். அந்தக் கனத்துக்கு அது மட்டம் நிற்காது, புதிதாகச் செய்தால் மரம் முறுக்கிக்கொள்ளும் என்று அண்ணா ஒரே பேச்சில் முடித்துவிட்டான். மாற்றுச் சட்டத்துக்கு மறுபடியும் அலைந்தேன். எட்டுக்குக் கிடைத்தது, ஒன்பதுக்குக் கிடைத்தது. எட்டரைக்கு யாரிடமும் இல்லை. லீவு முடிந்து அண்ணா போய்விட்டான். கல் பலகைகள் மூன்றும் மாடிச் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. இறக்க ஆள் கூப்பிட்டால் ஏற்றியதைவிடக் கூடுதல் கேட்கிறார்கள்.

போன மாதம் அம்மாவின் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வைக்க வேண்டியிருந்தது. வேறு ஆள் கிடைக்காமல் அதே ஆசாரியைக் கூப்பிட்டேன். பெரிய மனசு, வந்தார். உள்ளே வரும்போது கதவடியில் கிடந்த துண்டைப் பார்த்தார். இன்னும் வைத்திருக்கிறீர்களா என்றார். அன்றைக்குத் திட்டியதற்கு வருத்தம் சொல்லி, காதில் தப்பாக விழுந்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்றேன். அவர் செருப்பைக் கழற்றியபடியே சாதாரணமாகச் சொன்னார்: "சோதிச்சது மாத்ரமல்ல சேச்சி, ஞான் வாள் வெச்சு காணிச்சதாணு. சேட்டன் தன்னெயா பென்சில் வாங்ஙி வரச்சு தன்னது." கேட்டதோடு நிற்காமல் ரம்பத்தை மரத்தின்மேல் வைத்தே காட்டியிருக்கிறார். பென்சிலை வாங்கிக் கோடு போட்டுக்கொடுத்ததே அண்ணாதான்.

அவர் போனபிறகு மரத்துண்டைப் புரட்டிப் பார்த்தேன். அறுத்த விளிம்பை ஒட்டி ஒரு பென்சில் கோடு, பாதி ரம்பத்தோடு போய்விட்டது. அதன் இரண்டு முனையிலும் பாதிப் பாதி வட்டம். இத்தனை நாளும் தினம் காலால் தள்ளிய துண்டுதான்.

அண்ணா ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். இந்த வாரமும் பண்ணினான். அம்மா கேட்க, முறிக்கதையை மறுபடியும் சொன்னான். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதற்காகக் கோடு போட்டுக் கொடுத்தாய் என்று கேட்டேன். இருக்க முடியாதென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா என்றும் கேட்டேன்.

"எட்டரை அடி எங்கேயும் கெடைக்காதுன்னு நெனச்சேன்டீ" என்றான். "நீ கண்டுபிடிப்பேன்னு நான் நெனக்கலை."

நான் போனை வைத்தேன். உள்ளேயிருந்து அம்மா, என்ன சொல்கிறான், எப்போது வருகிறானாம் என்று கேட்டாள். லீவு கிடைத்ததும் வருவானாம் என்றேன். காற்று கிளம்பியிருந்தது. கோடு தரையைப் பார்க்கும்படி அந்தத் துண்டைக் கவிழ்த்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, அம்மாவைத் தூக்கி உட்காரவைக்கப் போனேன்.