ராஜம்மாவின் நின்றடுப்பு

ஊதுகுழலில் ஒரு நீண்ட மூச்சு, உடனே ஓர் இருமல்: ஆம்பூரில் ஹெல்த் விசிட்டராக நான் குனிந்து நுழைந்த முதல் வீட்டில் இந்த இரண்டும்தான் கேட்டன. பிறத்தியார் சமையலறையில் போய்க் குறை சொல்வதே எங்கள் உத்தியோகம். அப்படிப் பிழைத்தவர்களுக்கு நான் எழுதுவது புரியும்.

அக்கினி மூலை

ஜன்னல் இல்லாத அறை. தென்கிழக்கு மூலையில் தரையோடு தரையாக அடுப்பு. அதில் தோல் பதனிடும் ஷாப்பில் ஊறி முடிந்த ஆவாரம்பட்டைச் சக்கை அரை ஈரத்தோடு புகைந்துகொண்டிருந்தது. அதன்முன் குந்தியிருந்த ராஜம்மாவுக்கு இருபது வயதிருக்கும். கண் சிவந்து, நெஞ்சுக்கூடு தெரிந்தது. இந்தப் புகையில் இவள் அதிக நாள் தாங்கமாட்டாள் என்று அவள் மாமியாரிடம் சொன்னேன். அடுப்பை வடக்குச் சுவருக்கு மாற்றி, மேலே ஜன்னல் வைக்க வேண்டும் என்றேன்.

கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்கினி மூலைல இருக்கிற அடுப்ப எடுத்துட்டு, நாங்க இன்னா ஆவறது? அத உங்க காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா?"

வடக்கு ஜன்னல்

ராஜம்மாவின் புருஷன் ஏழுமலை மட்டும் என் பேச்சைக் கேட்டான். அவளுடைய இருமல் அவனைப் பயமுறுத்தியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே பழைய அடுப்பை இடித்து, மண் சுவரில் ஜன்னல் திறந்தான். சுவருக்குப் பின்னால்தான் அவன் வேலை செய்யும் ஷாப்பின், பச்சைத் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிகள். நான் போன அன்றைக்குக் காற்று வேறு பக்கம் அடித்ததால் அந்த நாற்றம் என் மூக்குக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் வேறு சுவரைக் காட்டியிருப்பேன்.

மறுவாரம் போனபோது ஜன்னலைத் தோல் துண்டுகள் திணித்து அடைத்திருந்தார்கள். ஏழுமலை தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "நாள் பூரா அதுலதான் கெடக்குறேன். சோறு துன்றப்பவாவது வேணாமே."

இடுப்பளவு மேடை

குந்திச் சமைப்பது இடுப்புக்குக் கேடு என்று படித்திருந்தேன். அதனால் புது அடுப்பை மேடைமேல் வைக்கச் சொல்லியிருந்தேன், என் இடுப்பளவுக்கு. எனக்குத் தெரிந்த உயரம் அது ஒன்றுதான். ராஜம்மாவுக்கு அது மார்பளவு. இரண்டு செங்கல்லைப் போட்டு ஏறி நின்று குழம்பைத் துழாவினாள். இருமல் கூடியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

அவள் கோபப்படவே இல்லை. "முன்ன பொகை மேல போவும், நான் கீழ ஒக்காந்திருப்பேன். இப்ப அது போற வழியில நான் நிக்கிறேன், விசிட்டரம்மா."

இடிக்கச் சொன்னது

அன்றே மேடையை இடித்துவிடச் சொன்னேன். அடுப்பை முன்போலத் தரையில், தென்கிழக்கிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். ஏழுமலை தன் தாயைப் பார்த்தான். அதற்குள் பேரணாம்பட்டு உறவுக்காரர்கள்வரை வந்து அந்த அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கிழவி மேடையை முந்தானையால் துடைத்தாள். "தொரசானி ஊட்டு அடுப்புன்னு தெருவே பேசுது. நீயே கட்டச் சொல்லுவ, நீயே இடிக்கச் சொல்லுவ. உனக்கு இன்னா, பைத்தியமா?"

என் சர்வீஸ் முழுவதிலும் நான் சொன்னபடியே கட்டி, நான் சொல்லியும் இடிக்காமல் வைத்திருந்த சமையலறை அது ஒன்றுதான். ராஜம்மா அடுத்த தை மாதம், திமிரியில் தாய் வீட்டில் இறந்துபோனாள்.