வளைவில் தள்ளி நட்ட கம்புகள்

சமையலறையை ஒட்டிய கொட்டகையில் மூங்கில் கம்புகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. குன்வோர் வாஃபிள் மாவு கலக்கிய கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கம்புக் கட்டைத் தோளில் சுமந்தபடி நின்றவன் ஹோவார். அவள் கணவனோடு வேலை பார்த்தவன்.

"திருட வந்தவன் கதவைத் தட்ட மாட்டான்தான்!"

"திருடுறதுன்னா உன் வாஃபிளைத் திருடியிருப்பேன், குன்வோர். கம்பையா திங்கப் போறேன்?"

அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாட்களாகவே வளைவில் அவன் வண்டி நின்று நின்று போவதை ஜன்னல் வழியே கவனித்திருந்தாள்.

கடலோரப் பண்ணையில் பிறந்து, அஸ்லேயைக் கட்டிக்கொண்டு இந்த மலைச்சாலைக்கு வந்தவள் அவள். கோடையில் காரில் வருபவர்களுக்கு வாஃபிளும் காபியும் விற்று மகளை ஆளாக்கினாள். அஸ்லே பனி வாரும் வண்டி ஓட்டினான். ஆள் உயரத்துக்கு மேல் பனி மூடிய மலையில் சாலை எங்கே முடிகிறது என்று சொல்வது, குளிருக்கு முன்பே ஓரங்களில் நட்டுவைக்கும் கம்புகள்தாம். அவற்றை நம்பிப் போன அஸ்லே, ஆறு வருடங்களுக்கு முன் வசந்தத்தில், குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த சாலையைப் பனி வாரித் திறந்த அன்று, கடைக்கு எதிர் வளைவில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்தான். அந்த முறை கம்பு நட்டவர்களுக்குத் தலைவன் ஹோவார். அடக்கத்தன்று அவள் காரணம் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டான். குற்றவாளியைத் தவிர வேறு யார் அப்படிக் குனிவார்கள்?

இந்தக் குளிரில் மகள் சுன்னிவா அதே வேலையில் ஏறப்போகிறாள்.

"என் புருஷனைக் கொன்னது பத்தலையா? எந்தக் கம்பைடா பிடுங்கினே?"

"சுன்னிவா நட்டதை."

குன்வோர் அவன் தோளிலிருந்த கட்டைப் பார்த்தாள்.

"வளைவுல நாலு கம்பைச் சாலைக்கு வெளியே புல்திட்டுல தள்ளி நட்டிருக்கா. வாரும்போது திட்டும் சேர்ந்து சுத்தமாகுமாம், அம்மா கடைக்கு வர்ற வண்டி அங்க நிக்குமாம். இங்கிருந்து எடுத்த கம்பு. அதான் இங்கேயே கொண்டாந்தேன்."

"நல்லதுதானே நெனைச்சிருக்கா?"

"அஸ்லேயும் அதையேதான் நெனைச்சான்."

உள்ளே அடுப்பில் காபி பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அவள் அணைக்கப் போகவில்லை. 'வண்டி நிறுத்த இடமில்லை, எல்லாரும் கையாட்டிவிட்டுப் போகிறார்கள்' என்று அஸ்லேயிடம் ஓயாமல் புலம்பியது அவளேதான்.

"நான் பார்க்காதப்போ தள்ளி நட்டுட்டான். மழைத்தண்ணி திட்டுக்கு அடியில அரிச்சது யாருக்கும் தெரியல. பனிப்புகையில ஒரு கம்புக்கும் இன்னொண்ணுக்கும் என்ன வித்தியாசம்? கம்பைப் பார்த்துத் திட்டு மேல ஏறினான், திட்டு வண்டியோட சரிஞ்சிடுச்சு."

"எத்தனை பேச்சுப் பேசினேன் உன்னை! ஏன் சொல்லல?"

"உன்னையே நீ வெறுக்கறதுக்கு, என்னை வெறுத்துட்டுப் போன்னு விட்டேன். சுன்னிவாகிட்ட கம்பு காத்துல விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கறேன்."

"வேண்டாம். பொய் சொன்னா மறுபடி நடுவா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ அப்பா எதனால போனார்னு நானே சொல்றேன். என்னை வெறுத்தாலும் பரவாயில்ல, அவ உயிரோட இருக்கணும்."

ஹோவார் கம்புக் கட்டைச் சுவரோரம் இறக்கிவைத்தான். குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியேறினான். மேலே சாலையில் சுன்னிவாவின் வண்டி விளக்கு இறங்கி வந்துகொண்டிருந்தது.

குன்வோர் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, மகளை எதிர்கொள்ள வாசலுக்குப் போனாள்.