ஜெயமணி வேண்டாம் என்று தலையசைத்த நாள்

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை, என் மனைவி ஜெயமணி அடுப்படியில் தோசைக் கரண்டியைக் கீழே போட்டாள். எடுக்கக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். தூக்கி உட்கார வைத்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையும் காலும் துணி மாதிரித் தொங்கின. என்னைப் பார்த்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

ராசிங்காபுரத்திலிருந்து தேனி வரை ஜீப்பை எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் தினமும் ஏறி இறங்குகிறவன் நான். அன்றைக்கு நேர் ரோட்டில் எனக்கு வண்டி பிடிபடவில்லை.

பக்கவாதம் என்றார் டாக்டர். உயிர் தப்பியது. கர்த்தருக்கு நன்றி சொன்னேன். ஆனால் சில நாள் கழித்து அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கழுத்து ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருக்கிறது, மதுரையில் ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப் போட்டால் மறுபடியும் வரும், அடுத்த முறை உயிருக்கே ஆபத்து என்றார். செலவில் ஒரு பங்கைத்தான் காப்பீட்டு அட்டை தாங்கும். மீதியை நாங்கள்தான் கட்ட வேண்டும்.

எங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. ஜெயமணி போடியில் ஏலக்காய் பொறுக்குகிற வேலைக்குப் போகிறவள். கூலியில் மிச்சம் பிடித்து வங்கியில் போடுவாள். கொஞ்சம் சேர்ந்ததும் வைப்புத் தொகையாக மாற்றுவாள். முதிர்ந்தால் எடுக்காமல் புதுப்பித்துவிடுவாள். கணக்கு முழுவதும் அவள் பெயரில் இருந்தது. எனக்கு வண்டியும் மலையும்தான் தெரியும்.

வங்கி திறந்ததும் போய் நின்றேன். மேனேஜர் ஒரு அம்மா. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணே, டெபாசிட் உங்க வீட்டம்மா பேர்ல மட்டும்தான் இருக்கு. அவங்க கையெழுத்து இல்லாம நாங்க குடுக்க முடியாது."

"நாமினி நான்தானே மேடம்?"

"நீங்கதான். ஆனா நாமினிங்கிறது அவங்க காலத்துக்கு அப்புறம்தாண்ணே."

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு மேலே சொன்னார். "கை விளங்கலைன்னா கைநாட்டு வாங்கலாம். நானே ஆஸ்பத்திரிக்கு வர்றேன். ஆனா அவங்களுக்கு விஷயம் புரியணும். புரிஞ்சு சம்மதிக்கணும். புரியலைன்னா நீங்க கோர்ட்டுக்குப் போய்த்தான் உத்தரவு வாங்கணும்."

அங்கேதான் நான் உடைந்தேன். ஏனென்றால் ஜெயமணி எதைக் கேட்டாலும் ஆமாம் என்றே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்றால் ஆட்டுவாள். வேண்டாமா என்றாலும் ஆட்டுவாள். எவ்வளவு புரிகிறது என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார். கோர்ட்டுக்கு அலைந்து உத்தரவு வாங்கும்வரை அந்த அடைப்பு காத்திருக்குமா?

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தேனிக்குப் போவேன், போடிக்கு வருவேன், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மறுபடியும் தேனிக்கே போவேன். ஜெபிக்க முழங்கால் போட்டால் பாதியில் எழுந்துவிடுவேன். மகள் பெனினா பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகாமல் அம்மா பக்கத்திலேயே இருந்தாள். "அப்பா, செத்த நேரம் உக்காருங்க. உங்களப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

மேனேஜர் அம்மா வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின சாயங்காலம், ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தேன். அன்றைக்கு நான் பணம் கேட்கவில்லை. "ஆண்டவரே, எங்க பேச்சு அவளுக்குப் புரியட்டும். அது ஒண்ணு போதும்" என்று கேட்டேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். அழுகை அடங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மேனேஜர் அம்மா சொன்னபடியே வந்தார். சாட்சிக்கு டாக்டரும் பக்கத்தில் நின்றார். மேனேஜர் அம்மா கட்டிலருகே குனிந்து கேட்டார்: "ஜெயமணிம்மா, உங்க டெபாசிட்டெல்லாம் எடுத்து உங்க ஆபரேஷனுக்குக் கட்டணும்ங்கிறாரு வீட்டுக்காரர். உங்களுக்குச் சம்மதமா?"

ஜெயமணி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஜெயா, என்னடி இது" என்று அவள் தோளைத் தொட்டேன். மேனேஜர் அம்மா என்னைக் கையமர்த்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு டெபாசிட் இருக்கு. ஒண்ணொண்ணாக் கேக்குறேன். மொதல்ல போட்டது, அத எடுக்கலாமா?"

சரி என்று தலையாட்டினாள்.

"ரெண்டாவது?"

அதற்கும் ஆட்டினாள்.

"போன வருஷம் போட்டீங்களே, மக படிப்புக்குன்னு சொல்லி. அது?"

ஜெயமணி தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அழுத்தமாக அசைத்தாள். இடது கையை நீட்டிப் பெனினாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, என் படிப்ப அப்புறம் பாத்துக்கலாம்மா. நீ மொதல்ல எந்திரிச்சு வா" என்று பெனினா அழுதாள். ஜெயமணி பிடியை விடவில்லை. மேனேஜர் அம்மா வரிசையை மாற்றி மறுபடியும் கேட்டார். பதில் மாறவில்லை.

"இதுக்கு மேல என்ன புரியணும்?" என்றார் டாக்டர்.

நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாளும் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று ஆடிய தலை, வேண்டாம் என்று சொன்னது. நான் கேட்டது அதுதான். அவளுக்குப் புரிந்திருந்தது. எனக்குத்தான் அது ஜெபத்தின் பதில் என்று முதலில் புரியவில்லை.

மதுரைக்குப் போன் போட்டோம். இரண்டு டெபாசிட்டும் காப்பீடும் சேர்ந்தால் இப்போதைக்குப் போதும், மீதியை மெதுவாகக் கட்டலாம் என்றார்கள். இடது பெருவிரலில் மை தடவி ஜெயமணி கைநாட்டு வைத்தாள். முன்னதாக எடுத்ததால் வட்டி கொஞ்சம் குறைந்தது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அந்த வாரத்திலேயே ஆபரேஷன் நடந்தது. மறுபடியும் அடைப்பு வராமல் ஆண்டவர் இதுவரை காத்துவருகிறார்.

இப்போது கைத்தடி வைத்துக்கொண்டு நடக்கிறாள். பெனினா நர்சிங் சேர்ந்திருக்கிறாள். எங்கள் கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கும்படி மாற்றி எழுதிவிட்டோம். ஜெயமணி பக்கத்தில் உட்கார்ந்து சைகையால் சொல்லச் சொல்ல, வங்கிச் சோலியை இப்போது நானே கற்றுக்கொள்கிறேன். காலையில் வண்டி எடுக்குமுன் இருவரும் ஜெபிக்கிறோம். நான் பாதியில் எழுந்திருப்பதில்லை.

அன்பானவர்களே, நிலைகொள்ளாமல் அலைகிற யாராவது இங்கே இருந்தால், உங்களை எனக்குத் தெரியும். எழுந்து ஓடாமல் ஒரு முறை முழுசாக அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் நினைத்த மாதிரி பதில் வராமல் போகலாம். வந்ததைத் தள்ளிவிடாதீர்கள், நன்றாகப் பாருங்கள்.

ஜெயமணி அதோ பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். ஆராதனை முடிந்ததும் போய்ப் பேசுங்கள். ஒரு வார்த்தை வர அவளுக்கு நேரமாகும். நின்று கேளுங்கள், வந்துவிடும்.