விசிறி நடந்த தூரம்

அறிவுரை சொல்வதில் எனக்கு இருக்கிற ஆர்வத்தில் பாதி நடப்பதில் இருந்திருந்தால், போன வருடம் பொன்முடி மலை ரோட்டோரத்தில் ஒரு கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்து அப்படி அவமானப்பட்டிருக்க மாட்டேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வேலை பார்க்கிறேன் என்று சொல்லலாம்தான், ஆனால் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே சரி. ஆரியசாலையில் எங்கள் சந்தின் முனைக்கு அலுவலக வண்டி வரும். அதில் ஏறி உட்கார்ந்தால், அங்கே போய் நாற்காலியில் உட்கார்ந்து, திரும்பவும் வண்டியில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து சோபாவில் உட்காருவேன். டாக்டர் சர்க்கரை என்று சொன்ன பிறகும் இதில் பெரிய மாற்றமில்லை. சர்க்கரை போடாத காப்பியை உட்கார்ந்து குடித்தேன், அவ்வளவுதான்.

போன வருடம் ஒரே மாதத்தில் அலுவலகம் இரண்டு காரியம் செய்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய பெண்களுக்கு ஆளுக்கொரு மூத்தவரை ‘மென்டர்’ என்று நியமித்தது. அடுத்ததாக, எல்லோருக்கும் அடி எண்ணுகிற கைக்கடிகாரம் ஒன்று கொடுத்தது. யார் எத்தனை அடி நடந்தார்கள் என்பது எல்லோருடைய போனிலும் தெரியும். இந்த இரண்டும் தனித்தனியாக வந்திருந்தால் எந்தக் கெடுதலும் இல்லை.

என் பொறுப்பில் வந்த பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது. பொன்முடி தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். முதல் குழந்தை பிறந்தபோது வேலையை விட்டு, பத்து வருடம் கழித்துத் திரும்பியிருந்தாள். கணவருக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. இரண்டு பிள்ளைகளும் வீடும் பெரும்பாலும் இவள் தலையில்தான். புதன்கிழமை தோறும் மாலை நாலு மணிக்குக் கண்ணாடி அறையில் எங்கள் சந்திப்பு. முதல் நாளே, “தமிழ்ல பேசலாம் அல்லே சாரே? அப்பாடா” என்றாள்.

அவள் வேலையில் கெட்டி. அதை முதல் வாரமே கண்டுகொண்டேன். அவளுக்குத்தான் அது தெரியவில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் தடதடவென்று பேசுகிற கூட்டங்களில் வாயே திறக்க மாட்டாள். “பத்து வருஷம் போச்சே சாரே, இனி எட்டிப் பிடிக்க முடியுமா?” என்று கேட்பாள். இதற்கு மனிதன் சொல்ல வேண்டிய பதில் ஒன்று இருக்கும். நான் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து அட்டவணை எழுதிக் கொடுத்தேன். காலை ஐந்துக்கு எழுந்திரிப்பது. ஐந்தரைக்கு நடை, பத்தாயிரம் அடி. ஏழு மணிக்குப் படிப்பு. “நான் கடைப்பிடிக்கிறது இதுதான். எல்லாம் ஒழுங்கில் இருக்கிறது” என்றேன், வெட்கமில்லாமல். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு புது வருடத்துக்கும் எனக்கு நானே எழுதிக்கொள்கிற அட்டவணை அது. ஒரு வாரம்கூடத் தாண்டியதில்லை.

மறுநாள் காலையில்தான் கடிகாரத்தின் ஞாபகம் வந்தது. என் பெயருக்கு நேரே ஆயிரத்து எண்ணூறு என்று காட்டியது. அவள் அதைப் பார்ப்பாளே என்று பகீரென்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரன்ட் போனது. நம்முடைய ஊர்ப் புழுக்கம் தெரிந்ததுதானே. பனையோலை விசிறியை எடுத்து வீசிக்கொண்டு அரை மணி நேரம் சோபாவில் கிடந்தேன். கரன்ட் வந்த பிறகு தற்செயலாகக் கையைப் பார்த்தால் இரண்டாயிரத்து நானூறு அடி கூடியிருந்தது. அந்தக் கடிகாரத்துக்குக் காலைப் பற்றி ஒன்றும் தெரியாது. கை ஆடினால் போதும்.

அன்று முதல் காலையில் செய்தித்தாள் படிக்கும்போதும் சாயங்காலம் டி.வி. பார்க்கும்போதும் விசிறினேன். பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் என்று ஏறியது. அலுவலகத்தில் நான் ஐந்தாவது இடத்துக்கு வந்தேன். கைகுலுக்கினார்கள். என் மனைவி நாகர்கோவில்காரி, சாலைக் கடைத்தெருவுக்குத் தினமும் நடந்தே போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வருகிறவள். அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: “என்ன, இருந்த இருப்புலயே பழவங்காடி கோயில் வரைக்கும் போயிட்டு வந்தாச்சா? நாளைக்கு அந்த உடுப்ப மடிச்சு வைக்க ஆள் வேணும், கால் வலிக்குன்னு சொல்லிராதீங்க.”

ஆறு வாரம் இப்படி ஓடியது. ஒரு புதன்கிழமை அந்தப் பெண் கண்ணாடி அறைக்குள் வந்து, தன்னை டீம் லீட் ஆக்கப் போகிறார்கள் என்றாள். பத்துப் பேர் கொண்ட அணி. திங்கட்கிழமைக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ எழுதித் தர வேண்டும். எனக்கு உண்மையாகவே சந்தோஷம் பொங்கியது. முக்கால் மணி நேரம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததை நான் பார்த்தேன், கவனிக்கவில்லை.

“சனிக்கிழமை அம்மாவப் பாக்கப் போறேன் சாரே. நீங்களும் அக்காவும் வாங்க. மேல பதினோராவது வளைவுல பஸ்ஸை விட்டு இறங்கிட்டு நடந்தா, நாலே நாலு வளைவுதான். உங்களுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?”

மறுக்க வழியில்லை. பன்னிரண்டாயிரம் அடிக்காரன் நாலு வளைவு நடக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் சொன்னபோது மனைவி, “விசிறிய மறக்காம எடுத்து வச்சிக்கிடுங்க” என்றாள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. வெயில் இருந்தது, சூடு இல்லை. ஓரங்களில் ஈரப் பாறை, கீழே காடு, மேலே தேயிலை. எவ்வளவு வருடமாயிற்று இப்படி ஒரு ரோட்டில் காலை வைத்து என்று நினைத்தேன். முதல் வளைவு முழுக்கத் தலைமைப் பண்பு பற்றிப் பேசிக்கொண்டே ஏறினேன். இரண்டாவது வளைவின் பாதியில் பேச்சு நின்றது. முடிவதற்குள் மூச்சும் நின்றுவிடும் போலிருந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். கடிகாரம் கிர்ர் என்று துடித்து, சிவப்பாக ஒரு இதயப் படம் காட்டியது.

அவள் பதறிப்போனாள். “சாரே, நெஞ்சு வலிக்குதா? இடது கை வலிக்குதா? அக்கா, தினமும் பன்னெண்டாயிரம் நடக்கிற மனுஷன் ரெண்டு வளைவுக்கு இப்படி ஆவாரா? இது ஹார்ட்தான். நான் வண்டிய நிறுத்துறேன்.” நடுரோட்டுக்கு ஓடி, இறங்கி வந்த ஒரு ஜீப்பைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். என்னால் ‘இல்லை’ என்று சொல்லக்கூட முடியவில்லை.

மனைவி நிதானமாகத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தாள். “நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?”

ஜீப்பைப் போகச் சொல்லிவிட்டு நானே சொன்னேன். கரன்ட் போன ஞாயிறு, விசிறி, சோபா, ஐந்தாவது இடம், எல்லாம். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்து முடித்துவிடலாம் என்று எனக்குள் ஒரு நப்பாசை.

அவள் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. “ஆறு வாரம் சாரே. நாலரைக்கு எந்திரிச்சேன். சின்னவனுக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னைக்கு வெளிய போக முடியாம கட்டிலச் சுத்திச் சுத்தி நடந்தேன். ஆறாயிரம் தாண்டல. போன எடுத்தா நீங்க பன்னெண்டாயிரம். இந்த வயசுல சாரால முடியுது, என்னால ஒரு நடை ஒழுங்கா நடக்க முடியல, நான் பத்துப் பேர எங்க பாக்கப் போறேன்னு… வேண்டாம்னு மெயில் எழுதி வச்சிட்டேன். போன்லதான் கிடக்கு. இன்னைக்கு அம்மாகிட்ட சொல்லிட்டு அனுப்பணும்னு இருந்தேன். ஒண்ணுமில்லாததுக்கு வெறுதே அழுதிருக்கேன் சாரே, வெறுதே.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேலே நடந்து போய்விட்டாள்.

எனக்குச் செத்துப் போகலாம் போலிருந்தது. பாட்டிலை மூடிக்கொண்டே, “எழும்புங்க. இனி மிச்சத்த நடந்துதான் ஆகணும்” என்றாள் மனைவி. மிச்சமிருந்த இரண்டு வளைவையும் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இருபது அடி நடப்பேன், நிற்பேன். மனைவிக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. அவள் கையில் கடிகாரமும் இல்லை.

லயத்தில் அந்தப் பெண்ணின் அம்மா பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார். மகள் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. போய்ப் பக்கத்தில் நின்றேன். அறிவுரை எதுவும் வரவில்லை. நல்லவேளை.

“எனக்கு மொதல்ல டீம் லீட் கொடுத்தப்போ ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வீட்ல போர்வையப் போத்திப் படுத்துக்கிட்டேன்” என்றேன். “பயம்.”

பாத்திரத்தைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். “அப்புறம்?”

“மூணாவது நாளைக்கு லீவு இல்ல. போனேன்.”

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். “இத ஆறு வாரத்துக்கு முன்ன சொல்லியிருக்கலாம் அல்லே?” என்றாள். சொல்லியிருக்கலாம்தான்.

கீழே இறங்குகிற பஸ் மூன்று மணிக்கு, அதைப் பிடிக்க மூவரும் ரோட்டில் இறங்கி நடந்தோம். லயத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது, பதிமூன்றாவது வளைவில்தான் வரும். அங்கே வந்ததும் அவள் எங்களுக்கு முதுகு காட்டி நின்று எதையோ அழித்தாள், எதையோ தட்டினாள். நான் தேயிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொறுக்க முடியாமல் மனைவிதான் கேட்டாள்.

“அனுப்பியாச்சு அக்கா. சரின்னு.”

திங்கட்கிழமை என் மேஜையில் நான் எழுதிக் கொடுத்த அந்தத் தாள் இருந்தது. சுவரில் ஒட்டிக் கிழித்த பசை நான்கு மூலையிலும். என் வரிகளை அடித்துவிட்டுப் பச்சை மையில் அவள் எழுதியிருந்தாள்: ‘ஐந்து மணி – தூங்கவும். ஆறரை – நடை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. புதன் நாலு மணி – கண்ணாடி அறை வேண்டாம், வெளியே நடந்துகொண்டே பேசலாம். விசிறி – கரன்ட் போனால் மட்டும்.’

புதன்கிழமைகளில் இப்போது வளாகத்தின் பின்பக்கம் மரங்களுக்குக் கீழே நடக்கிறோம். அவள் தன் அணியைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவாள். மேடு வரும்போது எனக்குப் பேச மூச்சு இருக்காது, அதனால் கேட்பேன். அலுவலகப் பட்டியலில் என்னை எங்கேயோ அடியில் தேட வேண்டும். இன்று மூவாயிரத்து நூற்றுப் பத்து அடி. அத்தனையும் காலால் நடந்தது.