ஞாயிற்றுக்கிழமை வேட்டி

யாராவது தொண்டு, சேவை என்று பேச ஆரம்பித்தால் நான் இப்போதும் மெல்ல இடத்தைக் காலி செய்துவிடுவேன். அலுவலகத்தில் முதியோர் இல்லத்துக்குப் போகலாம் என்று ஆள் சேர்ப்பார்கள். தலைவலி என்று சொல்லி நழுவிவிடுவேன். கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டும். பதினோரு வயதில் நான் செய்த சேவை இந்த ஜென்மத்துக்குப் போதும்.

எங்கள் ஊர் நாச்சியாபுரத்துக்குப் பக்கம். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். திறந்திருக்கும் வீடுகளிலும் ஒருவரோ இருவரோ வயதானவர்கள்தான் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் சின்ன மாமாவுக்கு ஒரு விடுமுறையில் திடீரென்று ஞானம் பிறந்து, தெருப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு குழு ஆரம்பித்தார். யார் யாருக்கு மருந்து வாங்கித் தருவது, யார் வீட்டுக்குத் தண்ணீர் கேன் தூக்குவது என்று முறை வைத்தார். வேலை ஆரம்பிக்கும் முன்பே பனியன் வந்துவிட்டது. மஞ்சள் நிறம், முதுகில் ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று அச்சடித்திருந்தது. எனக்கு அது முழங்கால் வரை தொங்கியது. துவைக்கக்கூடக் கழற்றிக் கொடுக்காமல் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

எனக்குக் கிடைத்த வேலை போன். எதிர்வீட்டு ஐயாவுக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. அவர் மனைவி ஆச்சி போய்ச் சேர்ந்து நான்கு வருடம். ஒரே மகன் சிங்கப்பூரில். எங்கள் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு அது. அவ்வளவு பெரிய வீட்டில் அவர் புழங்கியது பின்கட்டில், சமையலறையை ஒட்டிய ஒரு சின்ன அறையில் மட்டும்தான். காலையில் சமையல்கார அக்கா வந்து இரண்டு வேளைக்கும் ஆக்கி வைத்துவிட்டுப் போய்விடும். மகன் வாங்கி அனுப்பிய பெரிய போனை ஐயாவுக்கு இயக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவரை மகனோடு வீடியோவில் பேசவைப்பது என் பொறுப்பு.

முதல் ஞாயிறு நான் அந்த அறையிலேயே போனைத் தூக்கிப் பிடித்தேன். ஐயா பதறிப்போய்க் கையால் மறைத்தார்.

“இங்குட்டு வேணாம்த்தா. முகப்புக்குப் போவோம். அக்கரையில இருக்கவுகளுக்கு நல்ல சேதி மட்டுந்தான் போகணும்.”

அது அவர் வீட்டுச் சட்டம். அவருடைய அப்பா பர்மாவில் கடை வைத்திருந்த காலத்தில், இங்கே பெற்ற தாய் இறந்த செய்தியைக்கூட அவருக்கு எழுதவில்லையாம். ஊர் திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகுதான் சொன்னார்களாம். ஐயா இதைப் பெருமையாகச் சொன்னார். நானும் பெருமையாகவே கேட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு அந்த வேலையில் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். ஒன்பது மணிக்கே போய்விடுவேன். பெட்டியிலிருந்து சரிகைக்கரை வேட்டியை எடுத்துக் கொடுப்பேன். தலைவாரி, குன்றக்குடித் திருநீற்றை நெற்றி நிறையப் பூசிவிடுவேன். தேக்குத் தூண்கள் தெரியும்படி முகப்பில் நாற்காலியைப் போட்டு, முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைப்பேன். கன்னம் ஒட்டிப்போயிருந்ததால், பேசும்போது வெற்றிலையை ஒரு பக்கம் அடக்கிக்கொள்ளச் சொன்னேன். ஐயா சிரித்துக்கொண்டே அடக்கிக்கொள்வார். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாதபடி போனைக் குடத்தின்மேல் சாய்த்து வைப்பேன். கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்துக் கிடந்தது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். மகனிடம் சொல்லக்கூடாது என்று ஐயா எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நாங்களும் சத்தியத்தைக் காப்பாற்றினோம். அப்படிக் காப்பாற்றியது ஒரு பாவம் என்று சொல்லித்தர எங்களில் பெரியவர்கள் யாரும் இல்லை; மாமாவுக்கே பத்தொன்பது வயது.

மார்கழியில் ஐயாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குளியலறையில் ஒருமுறை விழுந்தார். அடுத்து வந்த ஞாயிறு நான் போனபோது கட்டிலை விட்டு எழவில்லை.

“இன்னைக்கு இங்கனயே பேசுவோம்த்தா” என்றார்.

“இங்க இருட்டா இருக்குய்யா. நல்லா விழாது.”

“விழாட்டிப் போகுது. வேட்டியும் மாத்த வேணாம். இப்படியே இருக்கேன்.”

கஞ்சி சிந்திக் கறைபட்ட வேட்டி. நான்கு நாள் தாடி. எனக்குக் கோபமே வந்துவிட்டது. இத்தனை வாரம் நான் பாடுபட்டு உண்டாக்கியதை எல்லாம் இந்த மனுஷர் ஒரே நாளில் கெடுத்துவிடுவார் போலிருந்தது. தெருவுக்கு ஓடிப்போய்க் குழுவில் பெரிய பையன்கள் இருவரைக் கூட்டிவந்தேன். ஒருவன் சவரம் செய்துவிட்டான். வேட்டியை மாற்றினோம். நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் முகப்பில் வைத்தோம். ஐயா இன்னொரு தடவை வேண்டாம் என்றார். பிறகு எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, “சரித்தா, ஒன் இஷ்டம்” என்றார். அவ்வளவு பிரியமாகச் செய்கிற பிள்ளைகளிடம் அவரால் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

மகன் போனில் வந்ததும் உற்றுப் பார்த்தார்.

“சமையல்கார அக்கா நேத்துப் போன் பண்ணுச்சு அப்பச்சி. ஒங்களுக்கு முடியலைன்னுச்சு. பயந்துபோயி டிக்கெட்டே எடுத்துட்டேன். இப்பப் பாத்தா நல்லாத்தான இருக்கீக?”

ஐயா போனைப் பார்க்கவில்லை. போனுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். வழக்கமாகச் சொல்வதை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து, ‘நல்லா இருக்கேன்’ என்று எடுத்துக் கொடுத்தேன்.

“நல்லா இருக்கேன்” என்றார் ஐயா.

“அப்ப டிக்கெட்ட மாத்திப் போட்டுரவா? ஜூன்ல பிள்ளைகளுக்கு லீவு. எல்லாருமா வந்துருவோம்.”

“அப்பவே வாங்கப்பா.”

துன்பத்தை வாயால் சொல்லக்கூடாது என்பதுதான் அந்த வீட்டுச் சட்டம். மகன் தானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டால் சட்டம் எங்கே உடைகிறது? பிறந்ததிலிருந்து கட்டிக்காத்த ஒன்றை உடைக்காமல், பிள்ளையை எப்படியாவது வரவைத்துவிட அந்த மனிதர் கண்டுபிடித்த ஒரே வழி அந்த அழுக்கு வேட்டி. அதைத்தான் நான் உருவிக் கொடியில் போட்டேன். இது எனக்கு விளங்கியபோது நான் கல்லூரிக்கே போய்விட்டேன். விளங்கி என்ன பிரயோஜனம்? யாரிடம் போய்ச் சொல்ல?

புதன்கிழமை காலையில் சமையல்கார அக்காதான் முதலில் பார்த்தது. மறுநாள் மகன் வந்து இறங்கும்வரை ஐயாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். எங்கள் குழு சுழன்று வேலை செய்தது. பந்தல், நாற்காலி, வந்தவர்களுக்குக் காப்பி என்று எதிலும் குறை வைக்கவில்லை. எல்லோரும் மஞ்சள் பனியன் போட்டிருந்தோம். அழுக்காக இருக்கிறதே என்று என்னுடையதை மட்டும் அம்மா முதல்நாள் இரவே வலுக்கட்டாயமாகத் துவைத்துக் காயவைத்திருந்தார்.

எல்லாம் முடிந்து சுடுகாட்டிலிருந்து திரும்பிய மகன், தலை ஈரம் காயாமல் முகப்பில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். மாமாவின் கையைப் பிடித்து அழுததுபோல என் கையையும் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். என்னுடைய முறைக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன்.

“கடைசியாப் பேசுன அன்னைக்கி, அப்பச்சி ஒங்கிட்ட ஏதும் சொன்னாகளாத்தா?” என்று கேட்டார்.

எனக்கு ஒரே சந்தோஷம். நான் பட்ட பாட்டைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

“அன்னைக்கி ரொம்ப அடம் பிடிச்சாக. முகப்புக்கு வரமாட்டேன்னாக. வேட்டி மாத்த வேணாம், இப்படியே இருக்கேன்னாக. நாந்தான் விடல. அண்ணன்களக் கூட்டியாந்து தூக்கிட்டு வந்து, நல்ல வேட்டியாக் கட்டிவிட்டேன்.”

“வேணாம்னா சொன்னாக?”

“ஆமா. ரெண்டு தடவ சொன்னாக.”

அவர் தூணைப் பிடித்தபடியே மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார். விமானத்தில் வந்த அலுப்பாக இருக்கும் என்று நினைத்து, நான் தண்ணீர் கொண்டுவர ஓடினேன்.