ஷோகேஸில் வைத்த வைத்தியம்

கல்யாணமாகி ஒன்றரை வருடம் எனக்கு உடலுறவு என்றாலே வலி. சும்மா வலி இல்லை. கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டால் மூச்சு நிற்குமே, அந்த மாதிரி வலி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை கேட்டவர்களிடமெல்லாம் "வயித்து வலி" என்றே சொல்லிவைத்திருந்தேன். பாவம் என் வயிறு. செய்யாத குற்றத்துக்கு இரண்டு முறை ஸ்கேன் எடுத்துக்கொண்டது.

மாமியாரும் அந்த வயிற்றைத்தான் நம்பினார். ஓர் அமாவாசைக்கு என்னைத் திருவள்ளூர் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நோய் கரையும் என்று குளத்தில் வெல்லம் கரைத்தோம். உண்டியலில் போடுவதற்கு உறுப்பு பொறித்த தகடு விற்கும் கடையில் கண், கை, கால், வயிறு எல்லாம் இருந்தது. "எந்த எடத்துலம்மா நோவு?" என்று கடைக்கார அம்மா கேட்டார். "வயிறு" என்றார் மாமியார். "இன்னும் கொஞ்சம் கீழ" என்றேன் நான். கடைக்கார அம்மா முட்டியை எடுத்து நீட்டினார். வயிற்றையே வாங்கிப் போட்டுவிட்டு வந்தோம்.

ஸ்கேன் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே ஒருநாள் தைரியம் வந்து உண்மையைச் சொன்னேன். "டென்ஷன் ஆவாதீங்க. ஒரு கொழந்த பொறந்தா எல்லாம் சரியாப்பூடும்" என்றார். "கொழந்த எப்டி டாக்டர் பொறக்கும்?" என்று கேட்டேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு நானே எனக்கு டாக்டரானேன். போனில் ஒரு வீடியோ கிடைத்தது. சிறுநீரை அடக்குவதுபோல இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கி, எண்ணி, விட வேண்டுமாம். பெண்கள் பிரச்சினை அத்தனைக்கும் அதுதான் மருந்தாம். நான் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வேலையே எண்ணுவதும் டிக் போடுவதும்தான். எனவே திருவள்ளூரில் கம்பெனி பஸ் ஏறியதும் தொடங்கிவிடுவேன். ஊத்துக்கோட்டை வருவதற்குள் நூறு, கம்பெனி கேட்டுக்குள் நுழைவதற்குள் நூற்றைம்பது. திரும்பி வரும்போது இன்னொரு நூற்றைம்பது. ஸ்பீட் பிரேக்கர் வந்தால் போனஸ் வேறு. பக்கத்து சீட்டு அக்கா, "இன்னாடி, மூஞ்ச இப்டி வெச்சினு வர்ற, பஸ்ஸு புடிக்கலயா?" என்று கேட்பார். நாலு மாதம் ஒரு வேலை நாள்கூடத் தவறாமல் செய்தேன். வலி ப்ரமோஷன் வாங்கிக்கொண்டு மேலே போனது.

ஆவடியில் பார்த்த இரண்டாவது டாக்டர்தான் ஒழுங்காகப் பரிசோதித்தார். புண் இல்லை, தொற்று இல்லை, தசைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, சென்னையில் இதற்கென்றே இருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை லீவு போட்டு லோக்கல் ரயில் பிடித்துப் போனேன். பிசியோதெரபி என்றால் முழங்காலுக்கும் முதுகுக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் என் பஸ் பயிற்சியைப் பெருமையாகச் சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ?"

"முந்நூறு மேடம். ஞாயித்துக்கெழம மட்டும் லீவு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏற்கெனவே கெட்டியா மூடிக்கினு இருக்கற கைய தெனம் முந்நூறு தடவ முறுக்கியிருக்கீங்க. ஒங்களுக்கு இறுக்கறது வேணாம்மா. விடக் கத்துக்கணும்."

தரப் பரிசோதனையில் இருக்கிறவள் நாலு மாதம் ரிஜெக்ட் பீஸுக்கு டிக் போட்டிருக்கிறேன்.

பரிசோதிக்கும் முன்னால் அவர் ஒன்று சொன்னார். "நீங்க சரின்னாத்தான் கை வெப்பேன். போதும்னா அந்த நிமிஷம் எடுத்துடுவேன். காரணம் சொல்லவேணாம்." நான் சந்தேகப் பிராணி. சோதித்துப் பார்க்கவே நாலு தடவை "போதும்" என்றேன். நாலு தடவையும் கை நின்றது. அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு மரியாதை உண்டு என்பதே எனக்குத் தெரியாது. திரும்பும் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். எதிரில் இருந்தவர் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். வாங்கித் தின்றுகொண்டே அழுதேன்.

பயிற்சி தொடங்கியது. வயிறு உப்ப மூச்சு இழுத்து விடுவது, மல்லாந்து படுத்து முழங்காலை மார்போடு சேர்த்துப் பிடிப்பது. சில வாரம் கழித்து டைலேட்டர். சுண்டுவிரல் பருமனில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று பெரிதாகப் போகும் ஐந்து சிலிகான் உருளைகள். மெல்ல மெல்ல, வலிக்காமல், தசைக்குப் பயம் தெளிவிக்க. பார்சலில் வரும் என்றார். ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரரும் கூட வந்தார். அவர் காக்களூரில் லேத் ஓட்டுகிறவர். தசைப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப என்னப் புடிக்காம இல்ல?" என்று கேட்டார். "ஒன்னப் புடிக்காமயா ஒங்கம்மா செய்யற ரசத்த ஒன்றர வருசம் குடிச்சேன்?" என்றேன்.

மாமியாருக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஒருநாள் அவரிடமும் உண்மையைச் சொல்லியிருந்தேன். "நாங்கல்லாம் பல்லக் கடிச்சினு இருக்கல? ஊரு ஒலகத்துல ஒனக்கு மட்டும் அதிசயமா?" என்றார்.

"அதான் அத்த, ஒங்களுக்குக் கடவாப்பல்லு ரெண்டும் போச்சு."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் போனில் பெரிய மாமாவைக் கூப்பிட்டார். என் மாமனார் இல்லாததால் அவருடைய அண்ணன்தான் எங்கள் வீட்டுக்கு சுப்ரீம் கோர்ட். உடம்பு தேறும்வரை என்னைப் பொன்னேரிக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்புவது என்று பேச்சு. அப்படிப் போனவர்கள் திரும்பி வந்த கதை எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. நான் போவதாகவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய மாமா வந்தார். தண்ணீர் கொடுக்கக் கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். டிவிக்குப் பக்கத்து ஷோகேஸில், நான் கம்பெனியில் வாங்கிய இரண்டு ஷீல்டுக்கு நடுவில், ஐந்து டைலேட்டரும் உயர வாரியாக நின்றுகொண்டிருந்தன. முந்தின நாள் நான் ஷிப்டில் இருந்தபோது பார்சல் வந்திருக்கிறது. மாமியார் பிரித்திருக்கிறார். என் பெயரில் வந்ததால் கம்பெனியில் கொடுத்த சாம்பிள் என்று எண்ணி, துடைத்து, அழகாக அடுக்கியிருக்கிறார்.

பெரிய மாமாவும் முப்பது வருடம் லேத்தில் டர்னராக இருந்தவர். கை சும்மா இருக்குமா? நடுவிலிருந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

"சிலிகானு. டை போட்டு எடுத்துக்கீறான். பினிஷிங் நல்லாகீது. எந்த மிசினுக்குமா இது?"

கம்பெனி சாம்பிள் என்று நானும் தலையாட்டியிருக்கலாம். பழைய ஆளாக இருந்தால் வயிற்று வலி மிஷினுக்கு என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

"மிசினுக்கு இல்ல பெரிய மாமா. எனக்குத்தான். புருசன் பொண்டாட்டி சேரும்போது எனக்கு உள்ள தச புடிச்சிக்குது, உயிர் போவுது. அத சரி பண்ற வைத்தியம் இது. ஒவ்வொரு சைஸா பழகணும். இதப் பத்திப் பேசத்தான ஒங்கள வரச் சொன்னாங்க? பேசலாம்."

சூடான பாத்திரத்தை இறக்குவதுபோல அவர் அதை டேபிள்மேல் வைத்தார். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வீட்டுக்காரர் மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "யாரும் பொன்னேரிக்குப் போவல பெரிப்பா. போனா ரெண்டு பேரும்தான் போவோம்."

பெரிய மாமா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "டாக்டரே குடுத்ததா?"

"ஆமா மாமா."

"எவ்ளோ நாளாவும்?"

"தெரியாது. ஆவறவரைக்கும்."

"அப்ப வைத்தியம் பாரு. வைத்தியம் பாக்கற பொண்ண எதுக்கு ஊட்ட வுட்டு அனுப்பணும்?" என்றவர், டீகூடக் குடிக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு வேகமாக அந்த பைக் போய் நான் பார்த்ததில்லை.

மத்தியானம் சமையலறையில் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தோம். மாமியார் தலையைத் தூக்காமலேயே கேட்டார்.

"அப்ப அந்த நோவு எல்லாருக்கும் இருக்கறது இல்லியா?"

"இல்ல அத்த. இருக்கக் கூடாது."

அவர் கை நின்றது. பிறகு காய் கிள்ளத் தொடங்கினார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. எனக்கு ஜோக்கு எதுவும் வரவில்லை. கோபம்தான் வந்தது, அவர்மேல் இல்லை. அவரிடம் இத்தனை வருடமாக அதைச் சொல்லாத எல்லார்மேலும். இப்போது மூன்றாவது சைஸில் இருக்கிறேன். அதில் ஒரு மாதமாக நிற்கிறேன், அவசரம் இல்லை. யாராவது என்ன உடம்புக்கு என்று கேட்டால், வயிறு என்று சொல்வதில்லை.