சந்திரம்மா பார்த்து வாங்கிய தொட்டி

குடிபாலாவில் எங்கள் அடுத்த வீட்டுச் சந்திரம்மாவுக்குத் தன் சமையலறையைக் கண்டாலே பயம். காரணம் ஊருக்கே தெரியும். கழுவுகிற தண்ணீர் வெளியே போவதற்காக அடுப்படிச் சுவரின் அடியில் ஒரு துவாரம் விட்டிருந்தார்கள். அவளுடைய பெண் பாப்பாத்தி, அதில் உருண்டுபோன கரண்டியை எடுக்கக் கையை விட்டாள். உள்ளே பாம்பு இருந்தது. சித்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கே சந்திரம்மா துவாரத்தைக் கல்லும் கந்தலுமாக அடைத்தாள். பாத்திரங்களைக் கொல்லையில் போட்டுக் கழுவினாள். பாம்பு என்ற சொல்லை அதன் பிறகு அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. ‘அது’ என்பாள், அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து அவளுக்கு மகன் ரமணன் பிறந்தான். அவன் தவழ ஆரம்பித்த சமயம், ஐப்பசி மழையில் அந்தச் சுவர் விழுந்துவிட்டது.

எல்லை எங்கே விழும் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. சென்னை ராஜ்யத்தோடு சேர்வோமா, ஆந்திராவிலேயே இருப்போமா என்று தெரியாமல் பலர் வீட்டு வேலையைத் தள்ளிப்போட்டார்கள். அவள் கணவன் சின்னசாமியும் முடிவு தெரியட்டும் என்றான்.

“எந்த சர்க்காருக்குப் போனா இன்னாயா? ஓட்டை எங்க போனாலும் ஓட்டைதானே” என்றாள் சந்திரம்மா.

அவன் வேலையை ஆரம்பிக்க ஒத்துக்கொண்டான். சித்தூரில் ஒரு வீட்டில் பெண்கள் நின்றபடியே பாத்திரம் கழுவுவதை அவன் பார்த்திருந்தான். அதேபோல மேடை கட்டி, தொட்டி பதித்து, கீழே கதவு போட்ட அலமாரி வைக்க அவனுக்கு ஆசை. கதவு மட்டும் வேண்டாம், தண்ணீர் போகிற வழி எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அவள் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

கொத்தனார் ரங்கையாவோடு இருவரும் சித்தூருக்குப் போனார்கள். கருங்கல் தொட்டியைத்தான் ரங்கையா சிபாரிசு செய்தார். எங்கள் பக்கத்தில் அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி எல்லாம் மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டியில் சேர வேண்டும். தண்ணீர் போகும் வாய் அகலமாக இருந்தால் பருக்கை அடைக்காமல் நேரே போய்விடும் என்பது அவர் கணக்கு. சந்திரம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தொட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டாள். வளையலோடு மணிக்கட்டு வரை போயிற்று.

“என் கை போவுது. அதும் வரும்” என்றாள்.

சிமெண்டுத் தொட்டியிலும் கை நுழைந்தது. பீங்கானில் நுழையவில்லை, ஆனால் இரும்புச் சட்டி பட்டால் உடைந்துவிடும் என்று கடைக்காரரே சொன்னார். கடைசியாகக் கடப்பைக் கல்லை இணைத்துச் செய்த தொட்டி ஒன்று இருந்தது. அடிக்கல்லில் சுண்டுவிரல்கூட நுழையாத சின்னத் துளைகள். புளித்தண்ணி பட்டால் அந்தக் கல்லை அரித்துவிடும் என்று ரங்கையா எச்சரித்தார்.

“கல்லைத்தானே துன்னும். துன்னட்டும். என் புள்ளய…” என்றாள். சின்னசாமி அதையே வாங்கினான்.

வேலை நடக்கும்போது ரமணனுக்கு முடியிறக்க அவள் தன் அண்ணனோடு திருப்பதிக்குப் போனாள். எருமை ஈனும் சமயம் என்பதால் சின்னசாமி வரவில்லை. மொட்டைத் தலைக் குழந்தையோடு அவள் திரும்பி வந்தபோது, தொட்டிக்குக் கீழே பச்சை வர்ணம் அடித்த கதவுகள் இருந்தன. அவள் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று சின்னசாமி நம்பியிருந்தான். தண்ணீர் நேரே கழுநீர்த் தொட்டிக்கே போகிறது, இனிமேல் நீ சுமக்க வேண்டாம் என்றான். அவள் குழந்தையை அந்த அறையில் தரையில் விடவில்லை. சேலைத் தலைப்பால் இடுப்போடு கட்டிக்கொண்டே சமைத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் சோறு வடிப்பதற்காகக் குழந்தையைச் சற்று இறக்கிவிட்டாள். அவன் நேராகத் தவழ்ந்து போய் அலமாரிக் கதவின் குமிழைப் பிடித்தான். உள்ளே ஏதோ சரசரத்தது. அவள் பானையை அப்படியே போட்டுவிட்டுக் குழந்தையை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் கத்தவில்லை. பானை உடைந்த சத்தம்தான் எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

சின்னசாமி தடியோடு வந்து, எட்ட நின்று கதவைத் தள்ளித் திறந்தான். வைக்கோலும் பருக்கையும் சேர்ந்த ஒரு கூடு. அதில் கண் திறக்காத எலிக்குட்டிகள். அவனுக்கு உயிர் வந்தது.

“எலிக்குட்டிமே. இதுக்கா சோத்தைக் கொட்டின?” என்று சிரித்தான்.

“எலி வந்துட்டுது. எலியத் துன்ன இன்னா வரும்னு உனுக்குத் தெரியாதா?”

அவன் சிரிப்பை நிறுத்தினான். குனிந்து உள்ளே பார்த்தான். தொட்டியிலிருந்து வெளியே போகும் குழாயைச் சுற்றி, சுவரில் ஒரு கை அகலத்துக்கு வெயில் தெரிந்தது. குழாய் அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ரங்கையா வழக்கம்போல விட்ட இடைவெளி. பழைய அஸ்திவாரத்தின் மேலேயே சுவர் எழுப்பியதால், பாப்பாத்தி கை விட்ட அதே இடத்தில் அது அமைந்திருந்தது. தொட்டியில் துளை பார்த்து வாங்கியவர்கள் சுவரைப் பார்க்கவில்லை.

சின்னசாமி கொத்தனாருக்கு ஆள் அனுப்பவில்லை. கதவுகளைத் தானே பெயர்த்து எடுத்தான். ஓட்டையைச் செங்கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்து, குழாயின் வெளிவாயில் சல்லடைத் தகடு பொருத்தினான். பருக்கைக்கு எலி வராதபடி, சுவரோரம் இருந்த கழுநீர்த் தொட்டியை மாட்டுக் கொட்டகைக்கே கொண்டுபோனான். கழுநீரைச் சந்திரம்மாவே சுமந்து போய் ஊற்றுகிறாள்.

இப்போது அந்தக் கடப்பைக் கல் புளி பட்டு வெளுத்துவிட்டது. கீழே எல்லாம் திறந்து கிடக்கிறது. ஆனாலும் காலையில் கரண்டியால் நிலைப்படியைத் தட்டி, கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் அவள் உள்ளே கால் வைக்கிறாள். ரமணன் நடக்க ஆரம்பித்துவிட்டான். அவனுக்கும் ஒரு கரண்டி இருக்கிறது. எல்லோர் வீட்டிலும் அடுப்படிக்குள் அப்படித்தான் போக வேண்டும் என்று நினைக்கிறான் போலிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் நிலைப்படியைத் தட்டுகிறான். என் அம்மா சிரிப்பாள். சந்திரம்மா சிரிப்பதில்லை. அவன் தட்டி முடிக்கும்வரை நின்று, எங்கள் சுவரின் அடியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகுதான் அவனை உள்ளே விடுகிறாள்.